விலை ஏறியது, பாடசாலைக்கான தொகை ஏறவில்லை: தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களத்துக்கும் நிதி ஆணைக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும் ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும்,

நுவரெலியா மாவட்டத்தின் மாகாணப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கல்வி பற்றிய முறைப்பாடுகளைக் கல்வி அமைச்சுக்கு எழுதுவதே வழக்கம். ஆனால் வரவு செலவுத் திட்ட உரை பாராளுமன்றத்தில் வாசிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே, எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு என்ற எல்லை உங்கள் மேசைகளில் தீர்மானமாகிவிடுகிறது. மாகாணங்களுக்கு எவ்வளவு பகிர வேண்டும் என்ற பரிந்துரையும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் அமைந்த நிதி ஆணைக்குழுவிலிருந்தே போகிறது. ஆகவே இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாட்டின் பொருளாதாரம் சரியும்போது பாடசாலைக்கான பணத்தை யாரும் அறிவித்து வெட்டுவதில்லை. ரூபாய்த் தொகையை இருந்தபடியே விட்டுவிடுகிறோம். விலைவாசி அதை வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட பகுதியைப் பெற்றோரின் கை நிரப்புகிறது, நிரப்ப முடியாத இடத்தில் பிள்ளை அது இல்லாமலே படிக்கிறது. பின்னர் பொருளாதாரம் நிமிர்ந்த பிறகும் அந்தத் தொகை பழைய பெறுமதிக்குத் திரும்புவதில்லை, ஏனெனில் குறைத்ததாக எந்த ஏட்டிலும் பதிவில்லை.

நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் பாடசாலையோடு அதற்குள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் நீக்கப்பட்டன. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, 2022இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் எட்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அரசின் வருமானத்தில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டது கடனின் வட்டிக்கே போன ஆண்டு அது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முந்திய மாதமே, அச்சிடக் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தரம் 9, 10, 11 மாணவர்களின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. டொலர் இல்லாததன் முதல் அடிகளில் ஒன்று வினாத்தாளில் விழுந்தது. பின்னர் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது வாரத்தில் மூன்று நாட்களே நடந்தன. அந்த நாட்கள் எல்லோர் நினைவிலும் உள்ளன. எவர் நினைவிலும் பதியாமல் நடந்ததுதான் கணக்கேட்டில் நடந்தது.

பாடசாலைச் செலவில் மிகப் பெரும் பகுதி சம்பளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். நெருக்கடியிலும் சம்பளத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆகவே குறைக்கக் கூடியதாக எஞ்சுவது கட்டடம், திருத்த வேலை, தளபாடம், கற்றல் உபகரணம், கடதாசி, சோக்கு போன்ற சிறு தொகைகள்தாம். 2022இல் திறைசேரி புதிய கட்டட வேலைகளை நிறுத்தி வைத்தபோது அதன் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்பறைக்கு ஓராண்டு வேலையைத் தள்ளிப்போட்டால் செலவும் ஓராண்டு தள்ளிப்போகும் என்று நினைப்பது தவறு. நுவரெலியாவின் மழையில் ஒரு கூரைத்தகடு ஒழுகத் தொடங்கினால் அடுத்த தவணைக்குள் மரச்சட்டம் உக்கிவிடும், அதற்கடுத்த ஆண்டு சுவரில் ஈரம் ஏறும். தகடொன்றை மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, ஈராண்டில் கூரை முழுவதையும் கழற்றும் வேலையாகிறது. அதற்கான மதிப்பீடு போகும்போது தொகை பெரிது என்று கோவை திரும்பி வருகிறது.

சிறு தொகைகளில் முக்கியமானது தர உள்ளீட்டு நிதி. ‘குவாலிட்டி இன்புட்’ என்றுதான் ஆசிரியர் அறையில் அதைச் சொல்வோம். போட்டோகொப்பித் தாள், வெண்பலகைப் பேனை, ஆய்வுகூட இரசாயனப் பொருள், விளையாட்டுப் பந்து, வாசிகசாலைப் புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். நான் பொறுப்பாக இருந்த பாடசாலையின் காசேட்டில் 2022ஆம் ஆண்டின் பக்கங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். கிடைத்த தொகை முந்திய ஆண்டை ஒட்டியதாகவே இருக்கும். ஆனால் ஒரு ரீம் தாளின் விலை ஓராண்டுக்குள் மும்மடங்கை நெருங்கியிருந்தது. முன்னர் இரண்டாம் தவணை முடியும்வரை போதிய தாள் முதலாம் தவணையின் நடுவிலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு ஆசிரியைகள் பயிற்சித்தாளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கொப்பியில் பார்த்தெழுதச் செய்தார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் பார்த்தெழுதுவதிலேயே போனது. உங்கள் ஆண்டறிக்கையில் அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு நிரல் கிடையாது. தொகை ஒதுக்கப்பட்டது, தொகை செலவிடப்பட்டது என்றே அறிக்கை முடியும், இரண்டும் உண்மையே.

மின்கட்டணத்தையும் இதே கண்ணால் பாருங்கள். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பாடசாலையின் மின்பட்டியலை வலயக் கல்விப் பணிமனை செலுத்தினாலும், மாகாணத் திணைக்களம் செலுத்தினாலும், கல்விக்கென்று ஒதுக்கிய அதே பணப்பையிலிருந்துதான் அது போகிறது. மின்சார சபைக்கு அதிகமாகப் போன ஒவ்வொரு ரூபாயும் வேறொரு தலைப்பில் குறைந்த ரூபாயாகவே இருக்க முடியும்.

ஆசிரியர் பற்றாக்குறையும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. 2022இல் அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டது. ஓய்வு வயது அறுபதாகக் குறைக்கப்பட்டது. புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றும் ஒரே காலத்தில் நடந்தபோது, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஏற்கனவே ஆளில்லாத மலையகப் பாடசாலைகளில் வெற்றிடங்கள் மேலும் விரிந்தன. ஆசிரியர் இல்லாத வகுப்பு திறைசேரியின் ஏட்டில் சேமிப்பாகவே தோன்றும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள்? பெற்றோர்தான். பெற்றோரிடம் பணம் அறவிடக் கூடாது என்ற சுற்றறிக்கைகள் அதிபர்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பறைக்குத் தேவையானதைப் பெற்றோர் தராவிட்டால் வேறெங்கிருந்து பெறுவது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் தாள் வாங்கவும் வகுப்பறைக்குச் சாயம் பூசவும் பணம் கேட்டு நிற்கும் அதிபரைச் சட்டத்தை மீறுபவராகப் பார்க்கும் அதே நிர்வாகம், அந்தப் பணத்தை மனத்தில் வைத்துத்தான் ஒதுக்கீட்டைக் குறைவாக வைத்திருக்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய தேசிய பாடசாலை ஒன்றில் பழைய மாணவர் சங்கம் ஒரு மாடிக் கட்டடத்தையே கட்டித் தரும். அந்தப் பாடசாலைகளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகளில், மத்திய கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இயங்கும் தேசிய பாடசாலைகள் சுமார் நானூறுதான். மற்றவை மாகாணத்தை நம்பி இருப்பவை. அவற்றில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். மலையில் கொழுந்து பறிப்பவர்களும், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்ப்பவர்களும்தான்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. அது 1,350 ஆக உயர்ந்தது 2024 செப்டெம்பரில். இவ்விரண்டுக்கும் இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 சதவீதம். வேலை கிடைத்த நாளுக்கு மட்டும் சம்பளம் பெறும் ஒரு தாயிடம், தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கான சிறு தொகையைக் கேட்பதற்கே எங்கள் வகுப்பாசிரியைகள் கூச்சப்பட்டார்கள். கேட்ட அன்று பிள்ளை வரும், மறுநாள் வராது. காரணம் விசாரித்தால் காய்ச்சல் என்பார்கள். காசு இல்லை என்று ஒரு பெற்றோரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயர் நாடெங்கும் நன்றியோடு உச்சரிக்கப்பட்டது. எங்கள் பாட்டன்மாரின் தோட்டப் பாடசாலைகளோ அதன் பிறகும் மூன்று தசாப்தங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே, ஓரறையும் ஓராசிரியருமாக இருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவானது. முப்பது ஆண்டு பின்தங்கித் தொடங்கியவர்களுக்கும், முன்னரே எல்லாம் பெற்றிருந்தவர்களுக்கும், நெருக்கடியில் ஒரே விகிதத்தில் குறைத்தால் அது சமமான குறைப்பு ஆகாது. ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கு ஈராண்டு உபகரணப் பணம் வராவிட்டால் ஆய்வுகூடம் பழசாகும். ஆய்வுகூடமே கட்டப்படாத பாடசாலைக்கு அதே ஈராண்டில் பணம் வராவிட்டால், அந்தப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு தொடங்கும் பேச்சே நின்றுவிடும்; ஒரு தலைமுறை கலைப் பிரிவைத் தவிர வேறு வழியின்றி உயர்தரம் படித்துப் போய்விடும்.

மதிய உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டதை மனமார வரவேற்கிறேன். வெறுவயிற்றோடு வந்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்ததைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த உணவைச் சமைத்துத் தருபவர் பெரும்பாலும் அதே ஊரின் ஒரு தாய். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று ரூபாயில் விலை நிர்ணயிக்கப்பட்டிருக்கும். முட்டையும் தேங்காயெண்ணெயும் பருப்பும் ஏறிய காலத்தில் அவர் கடையில் கடன் சொல்லித்தான் சாமான் வாங்கினார்; வலயத்திலிருந்து பணம் வர ஒன்றிரண்டு மாதம் தாமதித்தால் கடைக்காரர் முகம் மாறும். முட்டை நாளில் முழு முட்டை அரை முட்டையாகும், பிறகு நெத்தலியாகும். அவர் ஏமாற்றவில்லை. அரசு குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தன் இடுப்பில் முடிந்து வைத்த காசிலிருந்து சிறிது காலம் கட்டினார், பிறகு முடியாமல் போனது. நாட்டின் சத்துணவுத் திட்டத்துக்கு முன்பணம் போடும் இடத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணை நிறுத்தக் கூடாது.

வெளிநாடுகளின் கொடைகளையும் நன்றி மறவாமல் குறிப்பிட வேண்டும். 2023இல் சீருடைத் துணியில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தைச் சீனா அன்பளிப்பாகத் தந்தது. 2025இல் முழுத் தேவையையும் தந்தது. மலையகத்தில் ஒன்பது பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா நிதியுதவி அளிக்கிறது. இவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் கிழிந்த சட்டையோடு வந்திருப்பார்கள். ஆனால் அன்பளிப்பு கிடைத்த ஆண்டில் திறைசேரிக்கு மிச்சமான சீருடைப் பணம் கல்விக்குள்ளேயே வேறு தேவைக்குத் திருப்பப்பட்டதா, அல்லது பொதுக் கணக்கில் கரைந்ததா என்பதைப் பாடசாலைகள் அறிய வழியில்லை. அதை வெளிப்படுத்தும் ஒரு வரி உங்கள் மதிப்பீட்டு ஏட்டில் இருந்தால் போதும். கொடை தந்தவர்களுக்கும் அது மரியாதை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வட்டி நீங்கலான கணக்கில் 2023இலேயே மிகை காட்டப்பட்டது. 2024இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டியது, பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அப்படியானால் பாடசாலைகளும் மீண்டிருக்க வேண்டும் அல்லவா? மீளாததன் காரணம் இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒன்று, 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம். வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தை மிஞ்சக் கூடாது என்று அது எல்லை வகுக்கிறது. 2019இல் நடந்தது போன்ற பொறுப்பின்மை மீண்டும் நடக்காதிருக்க ஒரு கடிவாளம் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் கூரை ஒன்று போட்டுவிட்டால், அதன் கீழ் நிற்பவர்கள் இடத்துக்காக ஒருவரை ஒருவர் நெருக்குவார்கள்; பலமுள்ள அமைச்சுகள் நடுவில் நிற்கும், குரலற்றவை ஓரத்துக்குத் தள்ளப்படும். வருமானம் பெருகினாலும் செலவின் மேல் எல்லை அந்த 13 சதவீதமாகவே நிற்கும் என்பதால், வளர்ச்சியின் பலன் தானாகப் பாடசாலைக்கு வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. இதே காலத்தில் சர்வதேச நாணய நிதியத்துடனான வேலைத்திட்டத்தில் நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு அடிமட்ட எல்லை வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்தின் கைக்குப் போகும் பணத்துக்கு அடிமட்டம் வைக்க முடிந்த நமக்கு, அதே குடும்பத்தின் பிள்ளை படிக்கும் பாடசாலைக்கு ஒன்றை வைக்க ஏன் முடியாது?

மற்றது, கேட்பதற்கு ஆளில்லாமை. 2019இன் இறுதிக்குள் ஒன்பது மாகாண சபைகளின் பதவிக் காலமும் முடிந்தது. அன்று முதல் ஆளுநர்களின் நிர்வாகமே. மாகாணப் பாடசாலைக்கான பணம் குறைந்தபோது, ஏன் குறைந்தது என்று சபையில் எழுந்து கேட்க எந்தப் பிரதேசத்துக்கும் ஒரு பிரதிநிதி இருக்கவில்லை. நாடு கண்ட மிகக் கடுமையான பொருளாதாரச் சரிவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளின் நிதி, மக்கள் தெரிவு செய்த ஒருவரின் கேள்வியுமின்றி நிர்வகிக்கப்பட்டது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதம் கல்விக்கு என்ற கோரிக்கையோடு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு முதல் ஆறு சதவீதம் என்பதே யுனெஸ்கோவின் தலைமையில் 2015இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவுகோல். இன்று ஆட்சியில் உள்ளவர்களும் ஆறு சதவீதத்தை இலக்காகச் சொன்னவர்களே. நம் நாடு பல ஆண்டுகளாக இரண்டு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்தப் பெரிய இலக்கைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. அதற்கான போராட்டம் அதன் வழியில் நடக்கட்டும். அது வரும்வரை உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே செய்யக் கூடிய சில காரியங்களைக் கேட்கிறேன்.

பாடசாலைகளுக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிட 2000ஆம் ஆண்டில் நியம அலகுச் செலவு முறை ஒன்று கொண்டுவரப்பட்டது. சிறிய பாடசாலைக்கு மாணவர் ஒருவருக்கான தொகை கூடுதலாக இருக்கும்படி அமைந்த நேர்மையான முறை அது. நூறு பிள்ளைகளுக்கும் குறைந்த பாடசாலைகள் நாட்டில் சுமார் மூவாயிரம் உள்ளன. பிள்ளைகள் எண்பது என்றாலும் எண்ணூறு என்றாலும் ஒரு பாடசாலைக்கு வாயிற்கதவும், தண்ணீர்த் தாங்கியும், அலுவலக அச்சுப்பொறியும் ஒன்று வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மட்டும் கணக்கிட்டால் சிறிய பாடசாலை வாழாது. அந்த முறையை முழு உயிரோடு மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். அதில் உள்ள தொகைகளை ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு சேர்த்து உயர்த்துங்கள். மதிய உணவின் தட்டு விலையையும் அவ்வாறே தவணைதோறும் மீளாய்வு செய்யுங்கள். தொகை உயராத ஆண்டில், உயர்த்தவில்லை என்பதை மதிப்பீட்டு ஏட்டிலேயே எழுதுங்கள்: இந்த ஆண்டு பாடசாலைகள் சென்ற ஆண்டை விட இவ்வளவு குறைவாகவே வாங்க முடியும் என்று. வெட்டுவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். வெட்டியதைச் சொல்லாமல் விடுவது தவிர்க்கக் கூடியது.

பணம் வந்து சேரும் காலமும் தொகையைப் போலவே முக்கியம். ஆண்டின் கடைசி மாதங்களில் விடுவிக்கப்படும் தர உள்ளீட்டு நிதியை டிசம்பருக்குள் செலவிட வேண்டும் என்ற அவசரத்தில், தேவையானதை விட்டுக் கையில் அகப்பட்டதை வாங்கும் நிலைக்கு அதிபர்கள் தள்ளப்படுகிறார்கள். பிறகு கணக்காய்வாளர் அதே அதிபரிடம் விளக்கம் கேட்கிறார். முதலாம் தவணை தொடங்கும் முன் பாதியாவது கணக்கில் இருக்கட்டும்.

இறுதியாக, ஒவ்வொரு பாடசாலைக்கும் அரசிடமிருந்து எவ்வளவு கிடைத்தது, பெற்றோரிடமிருந்தும் பழைய மாணவர்களிடமிருந்தும் எவ்வளவு சேர்ந்தது என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஆண்டுக்கொரு முறை வெளியிடுங்கள். அபிவிருத்திச் சங்கங்கள் கணக்கு வைத்திருக்கின்றன; வலயப் பணிமனைகள் அவற்றைக் கேட்டுப் பெறலாம். எந்தப் பாடசாலை அரச பணத்தில் மட்டும் நிற்கிறது, எது பெற்றோரின் தோளில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். நிதி ஆணைக்குழு அடுத்த ஆண்டுக்கான மாகாணப் பகிர்வைப் பரிந்துரைக்கும்போது, பெற்றோரிடம் ஒன்றும் திரட்ட முடியாத பாடசாலைகள் எந்த மாகாணத்தில், எந்த வலயத்தில் அதிகம் என்ற கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பரிந்துரைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்